கல்லுக்குக் கால் முளைத்தால்...

விண்வெளியில் ஒரு பெரிய யுத்தம் நடத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நேயர்கள் நினைக்கிறீர்கள்? கோடிக்கணக்கான மைல் வேண்டும் என்பீர்களானால் அது தவறு. 3 அடிக்கு 3 அடி இருந்தால் போதும். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு கறுப்புத் துணியை விரித்து, ஏழெட்டு யுத்தங்களை நடத்தி முடித்தோம். உயிர்ச் சேதம் எதுவுமில்லை. பொருட் சேதம் என்று பார்த்தால், ஊஞ்சல் பட்டு ஒரு போர்க் கப்பலின் இறக்கை ஒடிந்தது, அவ்வளவுதான். கௌரவச் சேதம் மட்டும் சிறிது உண்டு. அது எனக்கு நேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கும் என் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டு வந்தான். அதற்குள் இருந்த ஆட்டத்துக்கு 'எக்ஸ்-விங்' என்று பெயர். அமெரிக்காவில் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் என்னும் கம்பெனியார் 2012-ல் வெளியிட்டது. 'ஸ்டார் வார்ஸ்' சினிமாப் படங்களில் பறக்கிற சிறு போர்க் கப்பல்களை, உள்ளங்கையில் அடங்கும்படியாக, வர்ணம் தீட்டிய பொம்மைகளாகச் செய்திருக்கிறார்கள். "பொம்மை வைத்து விளையாடும் வயதா இது?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மேனாட்டில் இது பழைய வழக்கம். 1824-லேயே பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி யுத்தம் பழகத் தொடங்கினார்கள். ஹெச். ஜி. வெல்ஸ் என்ற பிரபல ஆங்கில ஆசிரியர், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு சண்டையிடும் விதிகளை விளக்கி 1913-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவ்வளவு பெரியவர்கள் தரையில் மண்டியிட்டு விளையாடியிருக்கும்போது, ஒரு கணக்கு வாத்தியார் விளையாடினால் குடி முழுகிப் போகாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஆட்டத்தின் முறை இதுதான். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சிறு வட்டத் தகடு உண்டு. அதைத் திருகி, "இந்தச் சுற்றில் என் கப்பல் இவ்வளவு வேகத்தில், இந்தப் பக்கம் போகும்" என்று ரகசியமாகக் குறித்துக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். இரு கட்சியாரும் குறித்து முடித்த பிறகுதான் தகடுகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். அப்புறம் மனம் மாறிப் பயனில்லை. குறித்தபடியே, அட்டையில் வெட்டிய அளவுக் குச்சியை வைத்துக் கப்பலை நகர்த்த வேண்டும். எல்லாக் கப்பல்களும் நகர்ந்தான பிறகு, எதிரி எட்டுகிற தூரத்தில் இருந்தால் சுடலாம். சுடுவதற்கும் தப்புவதற்கும் பகடை உருட்ட வேண்டும். ஆகவே, எதிரி எங்கே இருக்கிறான் என்பதல்ல கேள்வி. இன்னும் ஒரு நிமிஷத்தில் எங்கே இருப்பான் என்பதுதான் கேள்வி.

இந்த யுத்த களத்தில் பாறைகளும் உண்டு. விண்கற்களைப் போல் வெட்டிய அட்டைத் துண்டுகள். ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்கு 3 வீதம் மாற்றி மாற்றி 6 பாறைகளைப் பரப்பி வைக்க வேண்டும். கப்பல் பாறைமேல் மோதினால் பகடை உருட்ட வேண்டும், சேதம் உண்டாகலாம். பாறைமேல் நிற்கும் வரையில் எதிரியைச் சுடவும் முடியாது. ஆனால் பாறையினால் லாபமும் உண்டு. சுடுகிறவனுக்கும் சுடப்படுகிறவனுக்கும் நடுவே பாறை குறுக்கிட்டால், தப்புகிறவனுக்கு ஒரு பகடை அதிகம். ஆகவே பாறை ஒரே சமயத்தில் கண்ணியாகவும் கேடயமாகவும் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் ஆட்டம் மிக ருசியாக இருந்தது. மூன்றாம் நாள் ருசி குறைந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. நாலைந்து சுற்றுக்குள் ஆறு பாறைகளின் இருப்பிடமும் மனப்பாடமாகிவிடுகிறது. பிறகு அவை கூடத்துத் தூண்களைப் போல; இருட்டில்கூட இடித்துக்கொள்ளாமல் நடந்துவிடலாம். பரமபதப் படத்தில் பாம்புகள் வாயைத் திறந்துகொண்டு எத்தனை பயங்கரமாக இருந்தாலும், அவை கட்டம் மாறி ஊர்வதில்லை அல்லவா? அதே சமாசாரந்தான் இங்கேயும்.

அப்பொழுதுதான் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, ஆகாயத்தில் கல் ஓரிடத்தில் நிற்குமா?"

கணக்கு வாத்தியாரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "நிற்கவே நிற்காது" என்றேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியதான சீரிஸ் சுமார் 940 கிலோமீட்டர் குறுக்களவு உள்ளது. விநாடிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியும் சூரியனை ஒரு தரம் சுற்றிவர 4½ வருஷத்துக்கு மேலாகிறது. உண்மையில் அந்த வட்டாரம் ஏறக்குறைய வெற்றிடந்தான். 1972-ல் புறப்பட்ட 'பயனியர் 10' என்னும் ஆளில்லாக் கப்பல் அதன் ஊடே மோதாமல் கடந்து சென்றுவிட்டது. நெருக்கமாகப் பாறைகள் குவிந்திருப்பது சினிமாவில்தான். ஆனால் அந்தச் சினிமாவிலும், 1980-ல் வந்த இரண்டாவது படத்தில், பாறைகள் புரண்டு உருண்டு வந்து கப்பல்களை மோதுகின்றனவே தவிர நிற்பதில்லை.

"அப்படியானால் நம்முடைய துணியில் மட்டும் ஏன் நிற்கின்றன?" என்றாள்.

இதற்கு என் தமக்கை மகன் பதில் சொன்னான். அட்டைத் துண்டுகளை ஒவ்வொரு சுற்றிலும் நகர்த்திக்கொண்டிருந்தால் ஆட்டம் நீண்டுவிடும். போட்டிப் பந்தயங்களில் தகராறு வரும். ஆகவே விதி எழுதினவர்கள் நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்றான். நியாயமான காரணந்தான். ஆனால் நாங்கள் பந்தயத்துக்கா விளையாடுகிறோம்? தவிரவும், 2024-ல் இந்த ஆட்டத்துக்கு இனிப் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று அப்போது அதை வெளியிட்டு வந்தவர்கள் அறிவித்துவிட்டார்கள். விதி எழுதுகிறவர்கள் பேனாவை மூடி வைத்த பிறகு, விளையாடுகிறவர்கள் எழுதிக்கொண்டால் யார் கேட்பது? பாறைகளுக்குக் கால் முளைக்கச் செய்வது என்று மூவரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். எப்படி என்பதில் மட்டும் மூன்று அபிப்பிராயம் இருந்தது.

முதலில் தமக்கை மகனின் யோசனையைச் சோதித்தோம். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு பாறையைத் தங்கள் இஷ்டப்படி நகர்த்தலாம். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் பாறை பாறையாக இல்லை, பீரங்கியாகிவிட்டது. அவன் என் கப்பல் மூக்கின் முன்னால் ஒரு பாறையைக் கொண்டுவந்து வைக்கிறான். நான் அவனுடைய கப்பல் மூக்கின் முன்னால் வைக்கிறேன். கப்பல் ஓட்டும் திறமைக்கு வேலையே இல்லை. கடைசியில் வென்றவன் நல்ல மாலுமி அல்ல, நல்ல கல்லெறிகாரன்.

அடுத்த நாள் என்னுடைய யோசனை. யாருடைய இஷ்டமும் வேண்டாம், பகடையே தீர்மானிக்கட்டும். பகடையில் விழும் எண்ணுக்குத் தக்கபடி ஒவ்வொரு பாறையும் ஒரு திசையில் நகரும். இதில் பட்சபாதம் கிடையாது என்று பெருமையாக எடுத்துச் சொன்னேன். பட்சபாதம் இல்லைதான். ஆனால் புத்திக்கும் வேலையில்லை. பாறை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாதபோது யோசித்து என்ன பிரயோஜனம்? மோதினால், "விதி" என்று பெருமூச்சு விட்டோம். தப்பினால், "அதிர்ஷ்டம்" என்று கை தட்டினோம். ஆட்டம் முடிந்த பிறகு, எங்கே தவறினோம் என்று பேச ஒன்றுமே இல்லை. சுற்றிச் சுற்றிப் பரமபதத்துக்கே வந்து சேர்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் மகளின் முறை. அவள் ஆறு பாறைகளில் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டாள். "இவை அம்பு காட்டுகிற பக்கமே போகும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாம் அளவுக் குச்சியின் நீளம் போகும். துணியின் விளிம்பைத் தாண்டினால் எதிர் விளிம்பில் திரும்பி வரும். ஒரு பாறையும் இன்னொரு பாறையும் சந்தித்தால், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போவதாக வைத்துக்கொள்ளலாம். யாரும் தொடக்கூடாது, பகடையும் உருட்டக்கூடாது" என்றாள்.

"எப்பொழுது நகர்த்துவது?" என்று தமக்கை மகன் கேட்டான். கேள்வியின் அருமை அப்பொழுது எனக்குப் புலப்படவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தகட்டைத் திருகுவதற்கு முன்பே பாறை நகர்ந்துவிட்டால், அந்தச் சுற்றுக்கு அது நிற்கிற பாறைதான், பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். கப்பல்கள் எல்லாம் நகர்ந்தான பிறகு பாறை நகர்ந்தால், அது வந்து நம்மேல் மோதும்; இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். மூன்றாவது வழி, எல்லோரும் தகட்டைத் திருகிக் கவிழ்த்த பிறகு, கப்பல்கள் நகர்வதற்கு முன்னால், பாறை நகர்வது. அதாவது, இப்பொழுது பாறை இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, அது இருக்கப் போகும் இடத்தை மனத்தில் வைத்துக் கட்டளையிட வேண்டும். அந்த வழியையே வைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் நாங்கள்தாம் கண்டுபிடித்தோம் என்று பெருமை கொள்ள முடியாது. 1973-ல் அமெரிக்காவில் வெளியான 'ட்ரைபிளானட்டரி' என்ற பலகை ஆட்டத்திலேயே, ஒரு கப்பல் சென்ற சுற்றில் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிற்றோ, எரிபொருளைச் செலவு செய்தாலொழிய இந்தச் சுற்றிலும் அப்படியே போய்த் தீர வேண்டும் என்று விதி உண்டு. நியூட்டனுடைய முதல் விதியைத்தான் பென்சில் கோடாகப் போட்டுப் பழக்குகிறார்கள். மகள் அதே விதியைக் கப்பலுக்குப் பதிலாகப் பாறைக்கு வைத்தாள்.

ஆட்டம் அன்று புத்துயிர் பெற்றது. இரண்டாம் அளவுக் குச்சி 8 சென்டிமீட்டர். துணியின் அகலம் சுமார் 91 சென்டிமீட்டர். பத்துச் சுற்றில் ஒரு பாறை ஏறக்குறைய களம் முழுவதையும் கடந்துவிடுகிறது. முதல் சுற்றில் ராஜபாட்டையாக இருந்த வழி மூன்றாம் சுற்றில் அடைபடுகிறது. அடைபட்ட மூலை ஐந்தாம் சுற்றில் திறக்கிறது. பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதிரிக்காகக் காத்திருப்பவனை, கேடயம் மெல்ல நகர்ந்து போய்ப் பட்டவெளியில் விட்டுவிடுகிறது. ஒளிய வேண்டுமானால் பாறையோடு கூடவே பிரயாணம் செய்ய வேண்டும்.

என் மகள் அதைத்தான் செய்தாள். அவளுடைய எக்ஸ்-விங் கப்பலை மிக மெதுவாக ஓட்டினால், முதல் அளவுக் குச்சி 4 சென்டிமீட்டரும் கப்பலின் அடித்தட்டு 4 சென்டிமீட்டருமாக, சுற்றுக்குச் சரியாக 8 சென்டிமீட்டர் முன்னேறும். பாறையின் வேகமும் 8. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் காரை ஒட்டி நடக்கும் தோழனைப் போல, அவளுடைய கப்பல் நான்கு சுற்று அந்தப் பாறையின் ஓரமாகவே வந்தது. நான் சுட்ட குண்டுகள் யாவும் வீணாயின. குச்சியின் நீளத்தை அவள் ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

பொறுமை இழந்தேன். என்னுடைய 'டை ஃபைட்டர்' கப்பல்கள் வேகமானவை, ஆனால் கவசமில்லாதவை. இரண்டு பாறைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி தெரிந்தது. அதன் வழியாகப் பாய்ந்து அவளைப் பின்னாலிருந்து தாக்குவதென்று மூன்றாம் வேகத்தைக் குறித்துத் தகட்டைக் கவிழ்த்தேன். பாறைகள் நகர்ந்தன. அம்புக்குறி போட்ட பாறை சாவதானமாக வந்து இடைவெளியின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டது. தகட்டைத் திறந்தேன். கப்பல் பாறைமேல் ஏறிற்று. பகடை என்னைக் கைவிட்டது. அந்தச் சுற்றில் சுடவும் வழியில்லை. மகள் திரும்பி ஒரே குண்டில் கதையை முடித்தாள்.

"பாழாய்ப் போன பாறை! சரியாக அந்த நேரத்தில்தானா வரவேண்டும்?" என்றேன்.

"பாறை அதன் வழியில்தானே வந்தது, அப்பா? ஐந்து சுற்றாக வந்துகொண்டிருந்தது. நீங்கள் பார்க்கவில்லை" என்றாள் மகள்.

தமக்கை மகன் வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினான். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷங்களாகப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் சிவப்பு மையினால் "கவனக் குறைவு" என்று எழுதி வந்திருக்கிறேன். ஒருவரும் அதை என் முகத்துக்கு நேரே எனக்கு எழுதிக் காட்டியதில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மேலே சொன்ன சீரிஸின் கதை நினைவுக்கு வந்தது. 1801-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி, ஸிஸிலித் தீவில் பாலெர்மோ நகரத்தில், பியாஜி என்ற பாதிரியார் அதை முதன் முதலாகக் கண்டார். பிப்ரவரி 11-ந் தேதி வரையில் அவ்வப்போது பார்த்துக் குறித்து வந்தார். பிறகு அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. மறுபடி எங்கே தேடுவது? நாற்பது நாள் பார்த்த அற்பச் சொற்பக் குறிப்புகளைக் கொண்டு, அது எங்கே இருக்கும் என்று சொல்ல ஐரோப்பாவின் வானநூல் வல்லுநர்கள் திணறினார்கள். 24 வயது வாலிபரான காவுஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை உட்கார்ந்து கணக்குப் போட்டு, "இங்கே பாருங்கள்" என்றார். அந்த வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரிஸ் அகப்பட்டது. கல் அதன் வழியே போகிறது. அந்த வழியைத் தெரிந்துகொள்ளச் சிரமப்பட்டவனுக்கு அது தெரிகிறது. காவுஸ் 1801-ல் செய்ததை என் மகள் சாக்பீஸைக் கொண்டு செய்தாள் என்று சொன்னால் தகப்பன் பாசம் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பாதகமில்லை.

இது வெறும் விளையாட்டு விஷயமென்று தள்ளிவிடவும் முடியாது. 2009-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, ஸைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், 'இரிடியம் 33' என்ற அமெரிக்கச் செய்தித் தொடர்புக் கோளும், செயலற்றுப் போன 'காஸ்மாஸ் 2251' என்ற ரஷ்யக் கோளும் மோதி நொறுங்கின. இரண்டில் எதுவும் தறிகெட்டு ஓடவில்லை. தத்தம் பாதையில் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தன. அமெரிக்கக் கோளை ஒதுக்கி ஓட்டும் வசதியும் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் ஒருவரும் ஒதுக்கவில்லை. அதன் பயனாக 2,000-க்கு மேற்பட்ட பெரிய துண்டுகளும், எண்ணிறந்த சிறு துண்டுகளும் பூமியைச் சுற்றத் தொடங்கின. ஒவ்வொரு துண்டும் இப்பொழுது ஒரு நகரும் பாறை.

ஆகவே, இவ்வித ஆட்டங்களில் தடைகளை நகர்த்த விரும்பும் நேயர்களுக்கு என் யோசனை இது. தடையை ஆட்டக்காரன் கையில் கொடுக்காதீர்கள், அது ஆயுதமாகிவிடும். பகடையின் கையிலும் கொடுக்காதீர்கள்; அது சாக்காகிவிடும். இரு கட்சியாரும் முன்கூட்டியே அறிந்த ஒரு விதியின் கையில் கொடுங்கள். மூன்று தடைகளுக்குமேல் நகரவும் வேண்டாம்; ஆட்டம் கணக்குப் பரீட்சையாகிவிடும். பெட்டியும் பொம்மையும் இல்லாவிட்டால் பரவாயில்லை. அட்டைத் துண்டும், அளவுகோலும், இரண்டு சோடிப் பகடையும் போதும். இப்படி ஆடித் தோற்றவன் தோற்ற இடத்தைக் கை வைத்துக் காட்ட முடியும். கற்றுக்கொள்வதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பள்ளிக்கூடம் திறந்த பிறகு நான் ஒரு சிறு மாறுதல் செய்திருக்கிறேன். "கவனக் குறைவு" என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். தவறிய வரியின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, "இது எங்கே போகிறது, பார்" என்று எழுதுகிறேன். பிள்ளைகள் முன்னைவிட அதிக மார்க்கு வாங்குகிறார்களா என்றால், இன்னும் சொல்வதற்கில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு அந்த வரியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். முன்பு பார்க்கமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, வழக்கம்போல் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதான். அன்றைக்குக் கப்பல் இறக்கை ஒடிந்தபோது, ஊஞ்சலை ஏன் ஆட்டினாய் என்று என்னைக் கோபித்துக்கொண்டீர்களே! இந்த ஊஞ்சல் பதினெட்டு வருஷமாக ஒரே வழியில்தான் போய் வருகிறது" என்றாள்.